பனிக்கட்டியும் புறம்போக்கும்

துருவத்துல பனி உருகினா மீஞ்சூர் பக்கத்து விவசாயி உனக்கென்னய்யா கவலைன்னு கேப்பீங்க. எங்க கிணத்துத் தண்ணிய ஒரு கை அள்ளிக் குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம். இந்தப் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி ஏறுறதை 1960-களின் கடைசியிலேயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்குக் காரணம் பனி இல்ல. விவசாயத்துக்கும் பட்டணத்துக் குடிதண்ணிக்கும் அளவில்லாம எறைச்சதுதான். நல்ல தண்ணி எறங்க எறங்க, அந்த எடத்துக்குக் கடல் வந்துடுச்சு. இப்ப கடல் மட்டமும் உயருதுன்னா, தள்ளுறதுக்கு இன்னொரு ஆள் சேர்ந்துட்டான்னு அர்த்தம்.

டம்ளர்ல ஏற்கெனவே மெதக்கற ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியாது. வெளியில இருந்து புதுசா ஐஸ் போட்டாத்தான் வழியும். கிரீன்லாந்துப் பனி நிலத்து மேல உக்காந்திருக்கு. அது முழுசா உருகினா கடல் 7 மீட்டர் உயரும். நாளைக்கே நடக்கற காரியம் இல்ல, பல நூறு வருஷ வேலை. அதனாலயே யார் காதுலயும் ஏற மாட்டேங்குது.

ஏற வைக்க ஒரு வழி பண்ணாங்க. ஓலாஃபர் எலியாசன்னு ஒரு கலைஞர், கிரீன்லாந்துல பொறந்த மினிக் ரோசிங்னு ஒரு புவியியல் விஞ்ஞானி. கடல்ல உடைஞ்சு மெதந்த பனிப்பாறைங்க 12-ஐக் கப்பல்ல ஏத்திட்டு வந்து, 2014-ல கோபன்ஹேகன் நகர சதுக்கத்துல வட்டமா வெச்சாங்க. 2015-ல பாரிஸ், 2018-ல லண்டன். சனங்க தொட்டாங்க, கட்டிப்புடிச்சாங்க, காதை வெச்சுக் கேட்டாங்க. உள்ள அடைபட்டிருந்த பழங்காலத்துக் காத்து படபடன்னு வெடிக்கற சத்தம் கேக்குமாம். இதைக் கொண்டுவர கப்பலுக்கு எண்ணெய் எரியலையான்னு கேட்டவங்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனா ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை ஒரு கை ஜில்லுன்னு ஆனது செஞ்சுது.

நம்ம எண்ணூருக்கு அந்த மாதிரி ஒண்ணு 2017 ஜனவரியில நடந்துச்சு. டி.எம். கிருஷ்ணா கழிமுகத்துல நின்னு 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். எழுதினவர் கபேர் வாசுகி. சுற்றுச்சூழலுக்காகப் போராடற நித்யானந்த் ஜெயராமனும் அதுல கூட இருந்தார். கச்சேரி மேடைப் பாட்டை மெட்ராஸ் பாஷையில, சாம்பல் சேத்துக்கு நடுவுல, அதுவும் முகமூடியோட! புறம்போக்குங்கற வார்த்தையப் பட்டணத்துல வசவா ஆக்கிட்டீங்க. எங்க ரெவின்யூ கணக்குல அது ஏரி, மேய்ச்சல் நிலம், வாய்க்கால். யாரும் பட்டா போட முடியாத, எல்லாருக்குமான எடம். பாட்டு அதைத்தான் எடுத்துச் சொல்லுச்சு.

அதே மாசம் 28-ந் தேதி ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, ஆளுங்க பக்கெட்ல அள்ளுனதை டிவியில பாத்திருப்பீங்க. 2023 மிக்ஜாம் வெள்ளத்துல மறுபடியும் கழிமுகத்துல எண்ணெய். பாட்டு எதையும் நிறுத்தல, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னாடி எண்ணூர் எங்க இருக்குன்னே தெரியாம இருந்த எத்தனையோ பேர் இப்ப வந்து பாக்கறாங்க.

இதுல எனக்குப் பெருசாத் தெரியறது ஒண்ணுதான். எண்ணூர்ல எரியற நிலக்கரியோட சாம்பல் கொசஸ்தலை ஆத்துல விழுது. அதே கரியோட புகை மேல போய் உலகத்தையே சூடாக்கி, அங்க பனிய உருக்குது. உருகினது கடலாத் திரும்பி இதே ஆத்துக்குள்ளதான் ஏறும், அப்புறம் எங்க கிணத்துக்கு. துருவம் ஒண்ணும் தூரம் இல்ல.

விஞ்ஞானத்துலயும் நம்மாளுங்க இருக்காங்க. பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கோவாவுல இருக்கற துருவ ஆராய்ச்சி மையத்தோட சேர்ந்து, 2014-ல ஆர்க்டிக் கடல்ல ஒரு கருவித் தொகுப்பை எறக்கி வெச்சுது. நார்வேக்கும் வட துருவத்துக்கும் பாதி வழியில ஒரு கடல் நீட்சி, அதுல கிட்டத்தட்ட 190 மீட்டர் ஆழம். பேரு இண்டார்க். அங்க கடல்ல நடக்கற மாத்தத்துக்கும் நம்ம பருவமழைக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறாங்க. மழையை நம்பி நாத்து விடுறவனுக்கு இதைவிடப் பெரிய சேதி என்ன இருக்கு? ஆனா எனக்குத் தெரிஞ்சு இதை யாரும் பாட்டாப் பாடல.

எண்ணூரைப் பாக்கணும்னா கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறுங்க. எண்ணூர் ஸ்டேஷன் தாண்டினதும் பாலம் வரும். அப்ப மட்டும் செல்போனைக் கீழ வைங்க.