யாயாவின் மணல் காணி

கிரேக்க நாட்டின் நக்சோஸ் தீவில், கடற்கரையோரக் குடும்ப விடுதி ஒன்றில் 2024 செப்டெம்பரில் ஆறு நாட்கள் தங்கியிருந்தேன். செலவு முழுவதும் சுவிற்சர்லாந்தில் வாழும் என் அக்காவினுடையது. அவளைப் பார்க்கப் போன இடத்தில், "இந்த முறை வீட்டுக்குள்ள இருந்து புட்டு அவிக்கிறேல்லை, எங்கையாவது போவம்" என்றாள். அக்கா பத்தொன்பது வருடங்களாக அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்பவள். நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து அறைகள். அத்தனை வருடத்தில் ஒரு நாளாவது தான் ஒரு ஹோட்டலில் போய்ப் படுத்ததில்லை. "ஒருக்கா எண்டாலும் வேற ஆரும் விரிச்ச கட்டிலில படுக்க வேணும்" என்பது அவளது நெடுநாள் ஆசை.

பெரிய ஹோட்டல் வேண்டாம் என்றாள். "அதின்ர பின்பக்கம் எனக்குத் தெரியும்." குடும்பமாக நடத்தும் சிறிய இடம், சுற்றாடலைக் கெடுக்காத இடம், ஜெர்மன் மொழி கதைக்கும் ஆட்கள் உள்ள இடம் என்று தேடித்தான் இதைப் பிடித்தாள்.

ஏதென்சுக்கு அருகிலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடித்தது. சைக்கிளாடிஸ் தீவுக் கூட்டத்தில் நக்சோஸ்தான் பெரியது, ஏறத்தாழ 430 சதுர கிலோமீற்றர். துறைமுகத்தை நெருங்கும்போது சிறு திட்டொன்றில் தனியாக நிற்கும் பளிங்குக்கல் வாசல் தெரியும். கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல் அது. உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பி வாழும் தீவல்ல இது. உட்பகுதியில் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் ஆடு மாடுகளும் உண்டு. இங்குள்ள பாற்கட்டிக்கு நாடு முழுவதும் நல்ல பெயர்.

விடுதி பிளாக்கா என்னும் நீண்ட மணற்கரையின் பின்னால் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த இரண்டு மாடிக் கட்டடம், பன்னிரண்டு அறைகள். முன்னால் அல்மிரிக்கி என்று அவர்கள் சொல்லும் மரங்கள். தூரத்தில் பார்த்தால் எங்கள் சவுக்கு மரம் போல மெல்லிய இலை. உப்புக் காற்றுக்கு அசையாமல் நிற்கும். அதற்கப்பால் மணல்மேடு. மணலுக்குள்ளிருந்து நேரே எழும்பினாற்போல வெள்ளை அல்லிப் பூக்கள் மலர்ந்திருந்தன. மணல்மேட்டை மிதிக்க விடாமல் ஒரு கயிறு கட்டிப் பலகை நடைபாதை போட்டிருந்தார்கள். கரையில் கபில நிறத்தில் உலர்ந்த கடற்புல் குவியல் குவியலாகக் கிடந்தது. "இதைக் கூட்டாமல் விட்டிருக்கினம்" என்று அக்காவின் கை துருதுருத்தது. அது பொசிடோனியா என்னும் கடற்புல். பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் தாவரம், மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. மாரிகால அலைகள் மணலை அள்ளிக்கொண்டு போகாமல் காப்பது இந்தக் குவியல்தான். கரை 'சுத்தமாக' இருக்க வேண்டுமென்று உழவு இயந்திரம் விட்டு அதை அள்ளும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மணலும் போய்விடுகிறது.

விடுதியை நடத்துபவர்கள் மூன்று பெண்கள். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, அவரது மகள், கோடையில் மட்டும் ஏதென்சிலிருந்து வரும் பேத்தி. கிரேக்கத்தில் பாட்டியை 'யாயா' என்று கூப்பிடுவார்கள். ஆறு நாளும் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மருமகன் தோட்டத்தையும் ஆடுகளையும் பார்க்கிறார். காலையில் முட்டையும் தக்காளியும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். துப்புரவு வேலைக்கு இன்னொரு பெண்ணும் இருக்கிறார். 1990களில் அல்பேனியாவிலிருந்து வந்தவர். அவருக்குச் சமூகக் காப்புறுதி கட்டுகிறீர்களா என்று முதல் நாளே அக்கா கேட்டுவிட்டாள். சமூகசேவை செய்கிற நான் நாலாம் நாள் கேட்கலாமென்று வைத்திருந்த கேள்வி! கட்டுகிறார்கள். அதனால் ஒக்டோபரில் வேலை முடிந்ததும் மாரியில் சில மாதம் அவருக்கு வேலையின்மைக் கொடுப்பனவு கிடைக்கிறது.

தண்ணீர்தான் இங்கே பெரிய விஷயம். கிரேக்கத்தில் அதுவரை பதிவான கோடைகளில் 2024ஆம் ஆண்டின் கோடைதான் மிக வெப்பமானது. மழை பொய்த்ததால் அந்த வருடம் நக்சோசின் பெரிய நீர்த்தேக்கம் வற்றிப்போனது. கரையோரக் கிணறுகளில் கடல்நீர் ஏறி, உருளைக்கிழங்குக்காரர் கையைப் பிசைந்தார்கள். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்த விடுதிக்கு நிலத்தடியில் மழைநீர்த் தொட்டி ஒன்று உண்டு. கூரையில் விழும் மழை அதற்குள் போகும். தீவுகளின் பழைய வீடுகளில் எல்லாம் இருந்த முறைதான். துணி அலசிய தண்ணீர் மரங்களுக்குப் போகிறது. நீச்சல் தடாகம் கிடையாது. "கடல் முன்னால கிடக்கேக்க தடாகம் என்னத்துக்கு?" என்று யாயா கேட்டார். கூரையில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுடவைக்கும் கலன்கள். அந்த நாட்டில் இவை 1970களிலிருந்தே வீட்டுக்கு வீடு இருப்பவை. குளியலறையில் சின்னச் சின்ன சாம்பூப் போத்தல்கள் இல்லை, ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரக் கட்டி ஒன்றுதான். குழாய்கள் ஒடுக்கமானவை என்பதால் கழிவறைக் காகிதத்தை உள்ளே போடக்கூடாது, பக்கத்து வாளியில்தான் போட வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் போத்தலில் தண்ணீர் பிடித்து எங்கள் வழமைப்படியே நடந்துகொண்டோம். அந்த வாளிக்கு எங்களால் ஒரு பாரமும் இல்லை.

படுக்கை விரிப்பும் துவாயும் மூன்று நாளைக்கொரு முறைதான் மாற்றுவார்கள். உலர்த்தும் இயந்திரம் இல்லை. ஏஜியன் கடலில் கோடை முழுவதும் வீசும் மெல்தெமி என்ற வடகாற்று செப்டெம்பரிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொடியில் போட்ட விரிப்பு ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுத்துவிடும். இதையெல்லாம் பார்த்து நான் மெச்சிக்கொண்டிருக்க, அக்கா சொன்னாள்:

"எங்கடை ஹோட்டலிலயும் துவாயை மாத்தாட்டி உலகத்தைக் காப்பாத்தலாம் எண்டு அட்டை தொங்குது. மிச்சம் பிடிச்ச காசு ஆருக்குப் போச்சு? எனக்கு அறைக்குத் தந்த நிமிசத்தைத்தான் குறைச்சவை. மூண்டு நாள் தொடாத அறையை அதே நிமிசத்துக்குள்ள செய்து பார்."

நான் இதுவரை வாசித்த எந்தச் சுற்றாடல் கட்டுரையிலும் இந்தக் கணக்கைக் கண்டதில்லை. சேமிப்பு எங்கே போகிறது, அதற்கான உழைப்பு யார் முதுகில் ஏறுகிறது என்று பச்சை முத்திரைகள் சொல்வதில்லை. கொடியில் துணி போடுவது இயந்திரத்தில் போடுவதைவிட நேரம் எடுக்கும். அத்திப்பழ ஜாம் வீட்டில் காய்ச்சினால் பிளாஸ்ரிக் குப்பை குறையும், யாயாவின் மகளுக்கு இரவு பதினொரு மணி ஆகும். இந்த விடுதியில் அந்த நேரத்துக்கான பலன் உழைப்பவர்களின் கைக்கே திரும்பி வருகிறது. ஏனென்றால் காணி யாயாவுடையது.

அந்தக் கதையை யாயாவே சொன்னார், ஜெர்மன் மொழியில். ஆட்களை வேலைக்கு எடுப்பதற்காக மேற்கு ஜெர்மனி 1960இல் கிரேக்கத்துடன் ஒப்பந்தம் செய்தது; இலட்சக் கணக்கில் ஆட்கள் போனார்கள். இருபது வயது யாயாவும் 1966இல் ஸ்ருட்கார்ட் நகரத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போய் எட்டு வருடம் வேலை செய்திருக்கிறார். அவரது ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன், அக்காவினுடையது ஹோட்டல் ஜெர்மன். இலக்கணம் இரண்டு பேருக்கும் இல்லை. ஆனால் பின்னேரங்களில் குசினி வாசல் கதிரைகளில் இருந்து இரண்டு பேரும் கதைத்த கதைக்கு முடிவே இல்லை. எனக்கு அக்கா இடைக்கிடை தமிழில் சொல்லுவாள். மறந்துவிட்டால் நான் சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள்வேன்.

யாயாவின் தகப்பன் காணி பிரித்தபோது உட்பகுதியின் நல்ல மண்ணெல்லாம் ஆண் பிள்ளைகளுக்குப் போனதாம். கடற்கரை மணலில் ஒன்றும் விளையாது. ஆடு மேயக்கூடப் புல் இல்லை. அது மகளுக்குச் சீதனம். "அண்ணன்மாருக்கு உருளைக்கிழங்கு, எனக்கு உப்பு" என்றார் யாயா. உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும் கணக்குத் தலைகீழானது. ஸ்ருட்கார்ட் காசில் முதல் நான்கு அறைகள் எழும்பின. இதே கதை கிரீட் தீவிலும் பல குடும்பங்களில் உண்டு.

சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. ஏஜியன் தீவுகள் பலவற்றில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவதை மானிடவியலாளர் எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் பெயரில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றா? கிரேக்கச் சட்டப்படி சீதன ஆதனத்தை நிர்வகித்து அதன் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை கணவனிடம் இருந்தது. "நான் உழைச்ச காசு, நான் கொண்டுவந்த மண். வங்கிக்குப் போனால் அவரைக் கூட்டிக்கொண்டு வா எண்டுவினம்" என்றார் யாயா. பெண்கள் அமைப்புகள் நெடுநாள் கேட்டுப் பெற்ற குடும்பச் சட்டத் திருத்தம் 1983இல் வந்து சீதனத்தையே சட்டத்திலிருந்து நீக்கியது. திருமணத்தின் பின்னும் பெண் தன் குடும்பப் பெயரையே வைத்திருக்க வேண்டும் என்றும் ஆக்கியது. 1983 என்றால் எங்களுக்கு வேறு நினைவு. யாயாவுக்கு அது கையெழுத்து தன்னுடையதான வருடம்.

நான் வேலை செய்யும் கிராமங்களில் சீதன உறுதியைக் கொட்டைப்பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் பெண்கள் பலர். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. விட்டுப்போன கணவனின் கையெழுத்துக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய ஒருத்தியைப் பற்றி நான் சொல்ல, அக்கா அதை மொழிபெயர்த்தாள். யாயா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப்போய் அத்திப்பழம் கொண்டுவந்து வைத்தார்.

உறுதி கையில் இருப்பதால் என்ன செய்யலாம் என்பதற்கு அவரது முற்றமே சாட்சி. கரையில் சாய்வு நாற்காலியும் குடையும் வரிசையாகப் போட்டு வாடகைக்கு விடலாம் என்று கேட்டு வந்தவர்களை அவர் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கத்துத் தீவான பாரோசில் 2023 கோடையில் ஊர்ச்சனம் துவாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கி, பொதுக் கடற்கரையை வாடகைக் கதிரைகள் விழுங்கிவிட்டன என்று ஆர்ப்பாட்டம் செய்தது. 'துவாய் இயக்கம்' என்றே அதற்குப் பெயர் வந்தது, நக்சோசுக்கும் பரவியது. கடற்கரையில் குறைந்தது பாதி இடமாவது கதிரை இல்லாமல் விடப்பட வேண்டும் என்று 2024இல் அரசாங்கம் சட்டம் போட்டது. துவாயைக் கையில் பிடித்து ஒரு சட்டம் வாங்கலாம் என்ற செய்தி அக்காவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கவலை இல்லாத குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏதென்சிலிருந்து ஒரு கம்பனி விலை பேசிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லும் தொகைக்கு மகள் எத்தனை வருடம் ஜாம் காய்ச்ச வேண்டும் என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. யாயா விற்கமாட்டார். மகள் இரண்டு மனதாய் இருக்கிறாள். அடுத்து உறுதி பேத்தியின் பெயருக்குப் போகவேண்டும். அவளுக்கு இருபத்திநான்கு வயது, தாதியர் படிப்பு முடிக்கப் போகிறாள். ஐந்தாம் நாள் எங்கள் அறைக்கு விரிப்பு மாற்ற வந்தாள். அக்கா சும்மா இருப்பாளா? மற்றப் பக்கம் போய் நின்று விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தாள். ஆறு நாளும் வேறொருத்தி விரித்த கட்டிலில் படுக்கும் ஆசை அத்துடன் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மூலை மடிப்பதும் ஹோட்டல் கட்டிலுக்கு மடிப்பதும் எப்படி வேறு என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தை எடுத்து நடத்துவாயா என்று நான் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பத்து வயதிலிருந்து ஒவ்வொரு கோடையும் துவாய் மடித்திருக்கிறாளாம். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தும் ஓகஸ்ட் மாதத்தில் பகல் வேளையில் ஒரு தடவைகூடக் கடலில் குளித்ததில்லையாம். யாயாவிடம் இதைச் சொன்னதில்லை, சொன்னால் அவருக்கு விளங்காது என்றாள். அக்கா தலையணை உறையை உதறியபடி, "விளங்கும், கேட்டுப் பார்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

கேட்டாளோ தெரியாது. அன்று நாலு மணிக்கு, பன்னிரண்டு அறையும் முடிவதற்கு முன்பே, அவள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நீந்தத் தெரியாத அக்கா பஞ்சாபியுடனேயே முழங்கால் வரை இறங்கினாள். மிச்சம் இரண்டு அறையை யாயாவின் மகளும் அல்பேனியப் பெண்ணும் முடித்தார்கள். யாயா அல்மிரிக்கி மரத்தடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, பேத்தி கொஞ்சம் ஆழத்துக்குப் போகும்போதெல்லாம் கிரேக்கத்தில் உரத்துச் சத்தம் போட்டார். எங்கள் அம்மாவும் பருத்தித்துறைக் கரையில் நின்று அதே ராகத்தில்தான் கத்துவார்.