மழைக்கால மாட்டுக்கு ஒரு மூட்டை ஊறுகாய்!

அடைமழை பிடித்தால் அனகாபுத்தூர்க்காரர்களின் கண் அடையாற்றின் மேல்தான் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா? வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. அது தீவனம்.

நனைந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடிக்கும். மாடு மேய்ந்த காலி மனைகளில் தண்ணீர் நிற்கும். பால் குறையும். ஆனால், வாடிக்கை வீடுகளுக்குக் காலையில் பால் ஊற்றியாக வேண்டும். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் அந்தப் பாலில்தான் இருக்கிறது. ‘பேசாம மாட்டை வித்துடலாமா?’ என்ற பேச்சு அப்போதுதான் தலைதூக்கும்.

இதற்கு ஒரு வழி, சைலேஜ். ஊறுகாய்ப் புல் என்றும் சொல்வார்கள். பசுந்தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து, புளிக்கவைப்பது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாதான் இங்கேயும் வேலை செய்கிறது. தீவனத்தைப் பதப்படுத்தும் முறைக்காக பின்லாந்து விஞ்ஞானி விர்டானனுக்கு 1945-ல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது.

‘பெரிய பண்ணைக்காரங்க சமாசாரமாச்சே, குழி வெட்ட இடம் ஏது?’ என்று தோன்றலாம். குழியே வேண்டாம். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட 50 கிலோ மூட்டை போதும். இரண்டு மாட்டுக்கு இதுதான் நல்லதும்கூட. மாட்டுக்கு 15 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 30 கிலோ. பிரித்த மூட்டை இரண்டே நாளில் காலி. காற்றுப்பட்டுக் கெடுவதற்கு நேரமே இருக்காது.

மக்காச்சோளத்தை மணி பால் பிடித்து இறுகும் பருவத்தில் அறுக்க வேண்டும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாகப் பிரிந்தால் சரியான பதம். கம்பு நேப்பியர் புல்லில் நீர் அதிகம், இனிப்பு குறைவு. அதை அரை நாள் வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளிக்கலாம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதித்து, காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும். உள்ளே காற்று நின்றால் அத்தனை உழைப்பும் வீண். மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள். எலி கடித்த ஓட்டையை அன்றே டேப் போட்டு ஒட்டுங்கள். புரட்டாசி தொடக்கத்தில் கட்டினால், 45 நாளில் ஐப்பசி மழைக்குத் தயார்.

நல்ல சைலேஜ் பழ வாசனையோடு, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நாறினாலோ, பூஞ்சணம் தெரிந்தாலோ காசு போகிறதே என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். முதலில் 5 கிலோவில் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டலாம். கறந்த பிறகு போட்டால் பாலில் வாடை ஏறாது.

நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள, காட்டாங்குளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

இரண்டு மாட்டுக்கு ஒரு மாதத் தேவை 900 கிலோ, அதாவது 18 மூட்டை. அதை அடுக்கி வைத்திருக்கும் வீட்டில், பத்து நாள் விடாமல் மழை கொட்டினாலும் மாட்டை விற்கும் பேச்சு எழாது.