`எங்க அம்மாகிட்ட சொல்லிடாதே!' - பேனா தோழியின் கடிதமும், அதைப் படித்த அக்காவும்

பேனா நண்பர் என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்கே விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் பார்க்காத ஒருவருக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து வளர்க்கும் நட்பு. எண்பதுகளில் பல தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்கென்றே ஒரு பகுதி வந்திருக்கிறது. பெயர், வயது, பொழுதுபோக்கு, கூடவே கதவு எண் முதல் பின்கோடு வரை முழு முகவரி. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வீட்டு முகவரியை இன்று அப்படி அச்சடிக்க முடியுமா?

அப்படி ஒரு பக்கத்தில் என் அம்மாவின் பெயரும் வந்தது. வரும் கடிதங்களையெல்லாம் தாத்தா போஸ்ட்மேனிடம் வாங்கி, பிரித்து, படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாராம். திருநெல்வேலியில் ஒரு நல்ல தோழி கிடைத்தார். ஆனால், `நானும் எட்டாவதுதான் படிக்கிறேன்' என்று வந்த இரண்டு கடிதங்கள் நேராக அடுப்புக்குப் போயின. "இது பிள்ளைங்க எழுத்து இல்ல" என்றாராம் தாத்தா. அம்மாவுக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. என்னைக் கேட்டால், தாத்தா படித்தது சரி. ஏன் எரிக்கிறேன் என்று மகளுக்கு விளக்காமல் எரித்ததுதான் சரியில்லை.

போன வருடம் அக்கா மகள், "சித்தி, எனக்கும் ஒரு பென் ஃப்ரெண்ட் வேணும்" என்றாள். திண்டுக்கல்லில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் வந்த ஏதோ ஒரு கடிதம் அவளுக்கு இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது. நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், இணையத்தில் எதுவென்றாலும் அக்கா என்னிடம்தான் கேட்பாள். "நல்லதா ஒண்ணு தேடிச் சொல்லுடி."

தேடினேன். `ஸ்லோலி' என்றொரு ஆப் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதற்கேற்ப கடிதம் போய்ச் சேரச் சில மணி நேரமோ, அதற்கு மேலோ ஆகும். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால், பெரியவர்களும் புழங்குகிற இடம். பத்து வயதுக் குழந்தைக்கு ஆகாது. அஞ்சல் அட்டை பரிமாறிக்கொள்ளும் `போஸ்ட்கிராசிங்' 2005-ல் தொடங்கியது. அதிலும் யாரோ ஒருவருக்கு வீட்டு முகவரி போகும். கூகுளின் `ஃபேமிலி லிங்க்' மூலம் குழந்தைக்கு மின்னஞ்சல் கணக்கு தொடங்கித் தரலாம். எந்த ஆப், எவ்வளவு நேரம் என்றெல்லாம் கட்டுப்படுத்தலாம். ஆனால், வந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அது நமக்குக் காட்டாது. பல பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ளாமலே நிம்மதியாக இருக்கிறார்கள்.

கடைசியில் ஆளைத் தேடித் தந்தது இணையம் இல்லை, மாமா. அவருடைய கல்லூரி நண்பர் மலேசியாவில் இருக்கிறார். அவர் மகளும் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். இந்த ஒன்று அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை இவள் பேப்பரில் கையால் எழுதுவாள். அக்கா அதை போட்டோ எடுத்து, தன் மெயிலிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அனுப்புவாள். பதிலும் அதே வழியில் வரும். முகம் தெரியும் போட்டோ கிடையாது. போன் கேமராவில் லொகேஷன் ஆஃப். இல்லையென்றால் படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் ஒட்டிக்கொண்டு போகலாம். முதல் கடிதத்தையே திருப்பி எழுத வேண்டியதாயிற்று. ஸ்கூல் நோட்டில் கிழித்த தாள். மேலே பள்ளியின் பெயர் பளிச்சென்று அச்சாகியிருந்தது. தெரிந்தவர்களுக்குத்தானே என்று மாமா முனகினார். பழக்கம் என்று வந்தால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது அக்காவின் கட்சி.

யாராவது `வேற ஆப்புக்கு வா', `போட்டோ அனுப்பு', `வீட்ல சொல்லாதே' என்று கேட்டால், அங்கேயே நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தோம். முன்பின் தெரியாதவர்கள் அப்படித் தொந்தரவு செய்தால் 1098-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். எதையும் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைப்பது முக்கியம்.

முதல் நாளே அக்கா மகளிடம் சொன்னாள்: "நான் ஒளிஞ்சு படிக்க மாட்டேன். ஆனா, எல்லாத்தையும் படிப்பேன்." இந்த விஷயத்தை அவள் தன் தோழிக்கும் எழுதிவிட்டாள்.

மூன்று மாதம் ஜோராகப் போனது. `பசியாறியாச்சா?' என்று அங்கிருந்து கேட்டதைப் படித்துவிட்டு, இவள் இங்கே காலையில் எல்லோரையும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் திண்டுக்கல் பூட்டு வரைந்து அனுப்ப, அங்கிருந்து வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் ஓவியம் வந்தது.

நான்காவது மாதம் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, அக்கா ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்தாள். பள்ளி வேனில் பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் தினமும் காசு கேட்கிறார்களாம். இல்லையென்றால் கிள்ளுகிறார்களாம். `இது நம்ம ரகசியம். எங்க அம்மாகிட்ட சொல்லிடாதே' என்று முடித்திருந்தாள்.

முன்பின் தெரியாத ஆள் எப்படியெல்லாம் வருவான் என்று யோசித்து யோசித்துத் திட்டம் போட்டோமே தவிர, இது எங்கள் கணக்கிலேயே இல்லை. இன்னொரு வீட்டுக் குழந்தையின் ரகசியம் அக்காவின் கையில். சொன்னால், ஒரு நட்பு முறியலாம். சொல்லாவிட்டால், கிள்ளு வாங்குவது அந்தக் குழந்தை. "சொல்லத்தான் வேணும். ஆனா, முதல்ல நம்ம பிள்ளைகிட்ட சொல்லிட்டு அப்புறம் சொல்லு" என்றேன்.

மறுநாள் காலை சொன்னாள். "அவ இனிமே எனக்கு எழுதவே மாட்டா!" என்று இவள் அழுதிருக்கிறாள். அக்கா பேச்சை மாற்றவில்லை. அவள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, மெசேஜ் எதுவும் தட்டாமல் நேரடியாக போன் செய்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "கைக்காசு தொலைஞ்சுபோச்சுனு மூணு வாட்டி என்கிட்ட வாங்கிட்டுப் போனா. நான் திட்டினேன்" என்றாராம்.

மூன்று ஞாயிறு கடிதமே இல்லை. இவள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு போனில் `ம்' மட்டும்தான்.

நான்காவது ஞாயிறு அரைப் பக்கம் வந்தது. வீட்டுக்கு வந்த பூனைக்குட்டி பற்றி ஏழு வரி. நடுவில், `இப்ப அப்பாதான் என்னை ஸ்கூல்ல விடுறாங்க' என்று ஒரு வரி. கோபம் என்றும் இல்லை, நன்றி என்றும் இல்லை.

அதைப் படித்துவிட்டு இவள் கேட்ட கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. "நீ எல்லாத்தையும் படிப்பேனு அவளுக்குத் தெரியும்தானே, அப்புறம் ஏன் எழுதினா?"

இதை எழுதுவதற்கு முன் நான்கு பேரிடமும் அனுமதி கேட்டேன். இரண்டு அம்மாக்களும் உடனே சரி என்றார்கள். மலேசியத் தோழி, ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். போடவில்லை. அக்கா மகளோ, வெளியிடும் முன் முழுக்கத் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். படித்துக் காட்டினேன். பூனைக்குட்டி ஆரஞ்சு நிறம் என்பதை விட்டுவிட்டேனாம், சேர்க்கச் சொன்னாள்.