டயருக்கும் ஜாதகம் உண்டு

பெண்ணுக்கு வரன் தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். ஒரே வரன் வந்தால் தொல்லையில்லை. இரண்டு வந்து, இரண்டும் ஒன்றுபோலவே அமைந்துவிட்டால்தான் வீட்டில் நித்திரை போய்விடும். சென்ற ஐப்பசியில் எங்கள் மோட்டாருக்கு டயர் வாங்கப்போன இடத்தில் எனக்கு அந்த நிலைமை ஏற்பட்டது.

டயர் வாங்க நேர்ந்த காரணத்தைச் சொல்வதில் எனக்குப் பெருமையில்லை. ஒரு நாள் மாலை நல்ல மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் திடீரென்று வெளிப்பட்டான். பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கிக்கொண்டே போய், அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. என் வகுப்புப் பையன்தான். "வணக்கம், ஸார்!" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். எனக்குத்தான் வெகு நேரம் கை நடுக்கம் தீரவில்லை.

வீட்டுக்கு வந்து டயரைக் குனிந்து பார்த்தேன். டயரின் பள்ளங்களுக்குள்ளே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் டயர்கள் எப்போதோ சமமாகியிருந்தன. "இன்னும் ஆறு மாதம் ஓடும்" என்று சொல்லி வந்தது என் சிக்கன புத்தி. மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதற்காகவே அந்தப் பள்ளங்கள் இருக்கின்றன. அவை மறைந்தால் டயர் தெப்பமாகிவிடுகிறது.

மறுநாள் என் மனைவியுடன் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து நிறுத்தினார். இரண்டின் விலாவிலும் ஜாதகம் பொறித்திருந்தது: 195/65 ஆர் 15, 91 வி. அகலம் 195 மில்லிமீட்டர். விலாவின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு. உள் வட்டம் 15 அங்குலம். ஒவ்வொன்றும் 615 கிலோ சுமக்கும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும். எங்கள் ஊர்ச் சாலையில் நாற்பதைத் தொடுவதே சாகசம் என்பது வேறு விஷயம்! விலையும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் நம் நாட்டில் செய்தவையாதலால் சுதேசி தர்மமும் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை.

பொடி எழுத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் தேய்மான எண் 420, ஈரப்பிடிப்பு "ஏ". மற்றதில் 280, "ஏஏ". எண் கூடினால் நெடுநாள் உழைக்கும். "ஏஏ" என்பது ஈரச் சாலையில் நேராகப் போகையில் பிரேக் பிடிப்பதற்கு உயர்ந்த வகுப்பு. பொதுவாக இளகிய ரப்பர் சாலையைப் பற்றும், சீக்கிரம் தேயும். இறுகிய ரப்பர் உழைக்கும், பிடிப்பில் சற்றுப் பின்தங்கும்.

"இது ஒன்றரை மடங்கு உழைக்கும், ஸார்!" என்று 420-ஐத் தட்டிக்காட்டினார் கடைக்காரர். நானும் மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்போது என் மனைவி, "அந்த ஒரு முழத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்டாள்.

நான் வாயடைத்துப் போனேன். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அகலந்தான். நான்கு உள்ளங்கைகளை நம்பி ஒரு குடும்பம் பிரயாணம் செய்கிறது. எதிரே ஊரார் குழந்தைகள் வருகிறார்கள். 280-ஐயே எடுத்து வைக்கச் சொன்னேன்.

பிறந்த தேதி பார்க்காமல் ஜாதகம் பூர்த்தியாகுமா? விலாவில் நான்கு இலக்கம் உண்டு. முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். முதலில் வந்த ஜோடி பல வருஷம் பரணில் தவம் செய்தது. ரப்பர் ஓடாமலே கிழப்பருவம் எய்தும். கேட்டதும், கடைக்காரர் சிரித்துக்கொண்டே புதியவற்றைக் கொண்டுவந்தார்.

இப்போதும் அந்தச் சந்து வந்தால் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஜாதகம் எத்தனை பொருந்தினாலும் குடித்தனம் நடத்துவது நம் கையில்தானே இருக்கிறது!