அசை போடும் மனம்

2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் ‘தானே’ புயல் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டதே, அன்று எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில் மாமரம் வேரோடு சாய்ந்தது. அப்பா வைத்த மரம். அடுத்த வீட்டு அக்காவுக்கோ கூரை ஓடே பறந்து போயிற்று.

அக்கா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கொத்தனாரைத் தேடிப் போனாள். நானோ, “கிளையைக் கழித்திருக்கலாமே! நான் தொட்ட எதுதான் துலங்கிற்று?” என்று நினைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் போயிற்று. பொங்கலன்று பானை வைக்கக்கூட மனமில்லை.

அக்காதான் வலுவில் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

“பசு அசை போட்டால் பாலாவது கிடைக்கும். நீங்கள் அசை போட்டால் என்ன கிடைக்கும், அம்மா?” என்றார் அவர். பிறகு 1989-ல் கலிபோர்னியாவில் நேர்ந்த பூகம்பத்தைப் பற்றிச் சொன்னார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற பெண்மணி ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களின் மனப்போக்கைக் குறித்து வைத்திருந்தாராம். துக்கத்தையே திரும்பத் திரும்ப நினைக்கும் வழக்கமுள்ளவர்களைத்தான் பூகம்பத்துக்குப் பின் மனச்சோர்வு அதிகமாகப் பிடித்ததாம்.

“நினைப்பு வரத்தான் வரும். அது சொல்வதெல்லாம் நிஜமா என்று கேளுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.”

தேற எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதில் வெட்கமென்ன? 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்கூட இருக்கிறது.

போன வாரம் தோசை கருகிற்று. “நான் தொட்ட எதுதான்...” என்று மனம் ஆரம்பித்தது. “கருகியது தோசை மட்டுந்தான்” என்று சொல்லி, அடுத்ததை வார்த்தேன்.