74 வரிக் கடிதம்... 'ஸ்ட்ரெஸ்' பிறந்த கதை!

"ஆபீஸ்ல ஒரே ஸ்ட்ரெஸ்", "எக்ஸாம் ஸ்ட்ரெஸ்ல பொண்ணு சரியாவே சாப்பிடறதில்லை..." ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தை காதில் விழுகிறது! பள்ளிப் பிள்ளை முதல் பென்ஷன் வாங்கும் தாத்தா வரை எல்லோரிடமும் புழங்கும் இந்தச் சொல்லுக்கு இன்றைய அர்த்தத்தைக் கொடுத்தவர் ஒரு விஞ்ஞானி. பெயர், ஹான்ஸ் செல்யே.

1907-ல் வியன்னாவில் பிறந்தவர். ப்ராக் நகரில் மருத்துவம் படித்தபோதே அவருக்கு ஒரு சந்தேகம். பேராசிரியர்கள் ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அறிகுறியைத் தேடினார்கள். செல்யேவின் கண்ணுக்கோ நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். சோர்வு, பசியின்மை, உடம்பு வலி. நோய் எதுவானாலும் பொதுவாக வரும் இந்த வாட்டத்தை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை?

சுமார் பத்து வருடங்கள் கழித்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. அதுவும் ஒரு தோல்வியின் வழியாக!

புதிய பாலியல் ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில், சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார் செல்யே. அட்ரீனல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. ஹார்மோன் சிக்கிவிட்டது என்று நினைத்தார். ஆனால், வேறு உறுப்புகளின் சாற்றைச் செலுத்தினாலும் இதே மூன்று மாற்றங்கள். ஃபார்மலினைச் செலுத்தினால் இன்னும் மோசம்! தேடிய ஹார்மோன் அங்கே இல்லவே இல்லை.

அப்போதுதான் பழைய சந்தேகம் நினைவுக்கு வந்தது. குளிர், காயம், அளவுக்கு மீறிய உடல் உழைப்பு என எலிகளுக்கு விதவிதமான தொல்லைகளைக் கொடுத்துப் பார்த்தார். தொல்லை எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. 1936 ஜூலை 4 அன்று 'நேச்சர்' இதழில் அதைச் சுருக்கமாக எழுதினார். மொத்தம் 74 வரிகள்.

அதில் 'ஸ்ட்ரெஸ்' என்ற வார்த்தையே கிடையாது. இயற்பியலில் இருந்து அதைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார். ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் 'ஸ்ட்ரெய்ன்' என்று பெயர் வைத்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னாராம்.

வாழ்நாளில் அவர் எழுதியவை 1,500-க்கும் அதிகமான கட்டுரைகள். ஓர் ஆராய்ச்சியை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி மதிப்பிடுவது இன்றைய வழக்கம். ஆனால், செல்யேவின் தாக்கம் அவரோடு மல்லுக்கட்டியவர்களிடம்தான் நன்றாகத் தெரிகிறது.

ஜான் மேசன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார். சத்தே இல்லாத உருண்டைகளை உணவுபோலக் கொடுத்து, பட்டினியின் மனக்கலக்கத்தைக் குறைத்தபோது ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பெரிதாக ஏறவில்லை. அதாவது, தொல்லையைவிட அதை மனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது முக்கியம். 1968-ல் ப்ரூஸ் மெக்கீவன் குழு, எலி மூளையில் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி ஸ்ட்ரெஸ் ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்வதைக் காட்டியது. சுரப்பியில் தொடங்கிய கதை மூளைக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. சிகரெட் நிறுவனங்கள் செல்யேவின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன்பு, புகைப்பழக்கத்துக்கு எதிரான கட்டுப்பாடுகளை மறுத்துப் பேசினார் அவர். மன இறுக்கத்தில் இருப்பவர்களுக்குப் புகைப்பது ஒரு மாற்றாக உதவும் என்பது அவர் வாதம். இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பது, வழக்குகளால் அந்த நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் காலமாகியிருந்தார்.

"டென்ஷன் குறையத்தான் சார் ஒரு தம்" என்று டீக்கடை வாசலில் இன்றைக்கும் கேட்கிறதே, அந்த நம்பிக்கைக்கு இப்படிப்பட்ட அறிவியல் முலாமும் துணை நின்றிருக்கிறது. உண்மை நேர்மாறானது. அடுத்த சிகரெட் தணிப்பதாகத் தோன்றும் பதற்றத்தில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட்டின் நிகோடின் உடம்பில் குறைவதால் வருவது. பழக்கத்தை விட்டவர்களுக்கு ஆரம்பத்தில் எரிச்சல் இருக்கும். சில வாரங்கள் தாண்டினால், புகைத்த காலத்தைவிடப் பதற்றம் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

உங்கள் வீட்டில் யாராவது ஸ்ட்ரெஸ்ஸைக் காரணம் காட்டி சிகரெட்டைப் பற்றவைத்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்!