வீடும் விடுதியும்

படு என்பது பாடு ஆகும். சுடு என்பது சூடு ஆகும். அவ்வாறே விடு என்னும் வினை முதலெழுத்து நீண்டு வீடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று தமிழ் வகுப்பில் கேட்ட நாள்முதல், வேதியியல் மாணவனான என்னை அச்சொல் விடவில்லை!

பழந்தமிழர் குடியிருக்கும் இடத்தை இல் என்றனர், மனை என்றனர். இல்லாளும் மனைவியும் அங்கே பிறந்த சொற்கள். எங்கள் தருமபுரிப் பக்கத்தில் கன்னடம் பேசுவோர் இன்றும் 'மனெ' என்பர்; தெலுங்கு பேசுவோர் 'இல்லு' என்பர். நாம்தான் வீடு என்கிறோம். வேலையை விட்டு வந்து தங்கும் இடம் ஆதலால் அப்பெயர் என்று விளக்குவோர் உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போதோ அது பிறவியையே விடுவது. விடுதலை, விடுதி இரண்டும் இதே வேரில் கிளைத்தவை.

வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த சுப்பிரமணிய சிவா, சிறையும் நோயும் கண்டு, 1925 ஜூலை 23-இல் உயிர் நீத்தது எங்கள் பாப்பாரப்பட்டியில். விடுதலை கேட்டவருக்கு எங்கள் ஊர் வீடாயிற்று.

என் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கின்றனர். ஆண்டில் பத்து மாதம் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம். ஊரார் வீடுகளுக்குச் செங்கல் சுமந்து என்னைப் படிக்க வைக்கின்றனர். நானோ மாணவர் விடுதியில். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கியதும் அவர்களை ஊரோடு இருத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். அப்பாவிடம் சொன்னேன்.

"வேலை கெடைச்சா நீயும் பெங்களூருக்குத்தானப்பா வரணும்?" என்கிறார்.